நூறு வாய்கள்

வாய் மூடியிருந்தால் நோயாளிக்குப் படுக்கை உண்டு. திறந்திருந்தால் இல்லை.

குளோரி தினமும் காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருவாள். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு நீர். அதில் நூறு புழுக்கள். வெறும் கண்ணுக்கு அவை தூசி. லென்ஸுக்குக் கீழே கண்ணாடி நூல்கள். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். குடல் நெடுகக் கொழுப்புத் துளிகள். தொண்டையில் ஒரு குமிழ். வாய் திறந்த புழுவுக்கு அந்தக் குமிழ் துடிக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் அதை இதயம் என்பார்கள். புழுவுக்கு இதயம் கிடையாது. அது விழுங்குகிறது, அவ்வளவுதான்.

துடிப்பவற்றை அவள் எண்ணுவாள். நூற்றில் முப்பதுக்குக் கீழே என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு. அறுபதுக்கு மேலே என்றால் அமைதிப் பிரிவு. இடையில் வந்தால் காத்திருக்க வேண்டும். அமைதிப் பிரிவில் நல்ல மின்விசிறிகள் இருந்தன. வலிக்கு மருந்து உண்டு. வேறு மருந்து கிடையாது.

தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டிலிருந்து வந்த புழு அது. எருக்குழியில் வண்டு கிடக்கும்போதே அதன்மேல் ஏறிக்கொள்ளும். கடிக்காது. எதையும் உறிஞ்சாது. வாயை மூடிக்கொண்டு இறக்கைக்கு அடியில், கால் மடிப்பில், மாதக்கணக்கில் கிடக்கும். வண்டு பறந்தால் கூடவே போகும். ஒருநாள் வண்டு சாகும். உடல் அழுகும். அழுகலில் பாக்டீரியா பெருகும். அப்போது வாய் திறக்கும். அது தின்பது வண்டை அல்ல, பாக்டீரியாவை. உணவு தீர்ந்ததும் அதன் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு அடுத்த வண்டைத் தேடிப் போகும்.

வண்டு சாகுமுன்பே சில புழுக்கள் வாய் திறக்கின்றன என்று ஓர் ஆராய்ச்சிக்கூடம் கண்டது. வண்டின் சாவு தெரிகிறதென்றால் மனிதனின் சாவும் தெரியலாம் என்று அங்கே யாருக்கோ தோன்றியது. மனித உடம்பின் சூட்டைத் தாங்கும்படி புழுவை மாற்றினார்கள். முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டு, அதற்குள் நூறு புழுக்கள், மூன்று நாள்.

நான்கு தாலுகாவுக்கு அந்த ஒரு மருத்துவமனை. தீவிர சிகிச்சையில் எட்டுப் படுக்கை. முன்பெல்லாம் யாருக்குப் படுக்கை என்பதை டாக்டரம்மா சங்கரவடிவு முடிவு செய்தார். கட்சிக்காரர்கள் போன் செய்தார்கள். சொந்தக்காரர்கள் ஜன்னலை உடைத்தார்கள். ஒருவன் டாக்டரின் காரில் சாணியைக் கரைத்து ஊற்றினான். புழு வந்தபின் மூன்று வருடமாக ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. புழுவுக்குச் சாதி இல்லை, கட்சி இல்லை. அதனிடம் போய் யார் சண்டை போடுவது?

ஊரின் பேச்சிலும் அது நுழைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை, நம்பர் என்ன என்றுதான் கேட்டார்கள். இருபது என்றால் பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். எழுபது என்றால் சென்னையிலிருந்து மகன் ரயில் ஏறினான். கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தாத்தாவின் நம்பரைக் கேட்டுவிட்டுக் கல்யாணத்தை முன்னுக்கு இழுத்தார்கள்.

குளோரி தன் கணவனுக்கும் எண்ணியிருக்கிறாள். ஞானராஜ், தனியார் பஸ் டிரைவர், நாற்பத்தொன்பது வயது. நிமோனியா. எழுபத்தொன்று. மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் எழுபத்தொன்று. அமைதிப் பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டாள். நான்காம் நாள் அவர் இறந்தார். புழு சரியாகத்தான் சொன்னது என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இது நடந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும்.

மாடக்கண்ணுவை அவளுக்கு முன்பே தெரியும். தென்னை ஏறுகிறவர். மரத்தின் குருத்தில் புகுந்த வண்டைக் கொக்கிக் கம்பியால் குத்தி எடுப்பார். ஆய்வகத்தில் புழு வளர்க்க உயிருள்ள வண்டு வேண்டும் என்பதால் மாதம் ஒருமுறை எருக்குழி கிளறி ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவருவார். டின்னை மேசையில் வைத்துவிட்டு, "ஒன் பிள்ளையளுக்கு வண்டி கொண்டாந்திருக்கேன்" என்பார். குளோரி அண்ணாச்சி என்று கூப்பிடுவாள்.

போன மாதம் அந்தக் கொக்கி கை தவறி அவர் காலிலேயே விழுந்தது. சர்க்கரை உள்ள உடம்பு. புண் கணுக்காலைத் தாண்டியது. காய்ச்சல், மூச்சு வாங்கல், சிறுநீர் குறைந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது புழுக் கட்டுப் போட குளோரியே போனாள்.

"நான் கொண்டாந்த புழு எனக்கே சீட்டு எழுதுதா?" என்றார் அவர். காய்ச்சலில் பல் தந்தியடித்தது. "நல்லா எழுதச் சொல்லு குளோரி. பழகுன பய."

அவர் மனைவி பொன்செல்வி பீடி சுற்றுகிறவள். பீடித் தட்டை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்திருந்தாள். வார்டுப் பலகையில் எழுதியிருந்ததை நர்ஸ் அவளுக்கு வாசித்துக் காட்டினாள். மூன்று நாள் உடம்பில் தண்ணீர் படக் கூடாது.

ஆராய்ச்சிக்கூடம் அனுப்பிய தாளில் கட்டு ஈரமாகக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. வார்டில் எழுபது பேருக்கு இரண்டு நர்ஸ். கட்டு நனைந்தால் மறுபடி மூன்று நாள். அதனால் யாரோ ஒரு நர்ஸ் அதைச் சுருக்கி, பெரிதாக, சிவப்பு சாக்பீஸில் எழுதினாள். ஜனங்கள் அதை நேர்ச்சை போலக் கடைப்பிடித்தார்கள். வியர்வையைக்கூடத் துடைக்காத மகன்கள் இருந்தார்கள். துடைத்தால் நம்பர் கெட்டுவிடும்.

மூன்றாம் நாள் குளோரி எண்ணினாள். அறுபத்தெட்டு.

தாளை எடுத்துக்கொண்டு அவளே போனாள். வழக்கமாக அட்டெண்டரிடம் கொடுத்துவிடுவாள். பொன்செல்வி வராந்தாவில் பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தாளை வாங்கவில்லை.

"எத்தன?"

"அறுவத்தெட்டு, மைனி."

பொன்செல்வி கத்திரிக்கோலைத் தட்டில் வைத்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். குளோரி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அங்கே வலி இருக்காது, அமைதியாக இருக்கலாம், கூடவே இருக்கலாம். ஞானராஜுக்கும் இப்படித்தான் என்றாள். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை.

"ஒம்ம வீட்டுக்காரருக்கு நீரு போட்டீரு. எனக்கு மனசு வரல" என்றாள் பொன்செல்வி. "அந்தப் புழுவுக்கு என்ன தெரியும்? நேத்து இவுக எங்கிட்ட ஆட்டுக்கால் சூப்பு கேட்டாவ. சாகப் போற மனுசன் சூப்பு கேப்பானா?"

மறுபரிசோதனை என்று ஒன்று உண்டு. உறவினர் எழுதிக் கேட்டால் ஒரே ஒரு முறை. யாருக்கும் தெரியாது, பலகையில் எழுதவில்லை. குளோரியும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொன்னாள். தாளையும் எழுதிக்கொடுத்தாள். பொன்செல்வி பெருவிரலில் மையைத் தேய்த்துக்கொண்ட பிறகு, கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டாள். பிறகு விரலைப் பார்த்துச் சிரித்தாள். எழுதத் தெரியும் என்பது பதற்றத்தில் மறந்துபோயிருந்தது.

மூன்று நாள் கழித்துப் பத்தொன்பது.

குளோரி திரும்ப எண்ணினாள். தட்டைத் திருப்பி வைத்து எண்ணினாள். பத்தொன்பது. எண்பத்தோரு வாய்கள் மூடியிருந்தன. புழுக்கள் நீட்டி நிமிர்ந்து அசையாமல் கிடந்தன. மாடக்கண்ணுவின் காய்ச்சல் இறங்கவில்லை. காலும் தேறவில்லை. அந்த மனிதர் மூன்று நாள் முன்பு இருந்தபடியேதான் இருந்தார்.

அவரை ஆறாம் படுக்கைக்கு மாற்றினார்கள். கதவுக்கு வெளியே பொன்செல்வி நின்றாள். என்ன செய்தீர்கள் என்று குளோரி கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றாள். இரண்டாம் தடவை கேட்டபோது குரலைத் தாழ்த்தினாள்.

"யார்ட்டயும் சொல்லிராதீரும். தொடச்சேன். காலைலயும் சாயங்காலமும் வெந்நி வச்சு, சோப்புப் போட்டு, தல முதக்கொண்டு கால் வரைக்கும். கட்டு மேல பால் பாக்கெட்ட வெட்டிச் சுத்திக்கிட்டேன், நனையல." துண்டை உதறி மடித்தாள். "மாட்டக்கூட ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழுவுதோம். மனுசன எப்படி அப்படியே போட?"

குளோரி ஆய்வகத்துக்குத் திரும்பினாள். அலமாரியில் மாடக்கண்ணு கடைசியாகக் கொண்டுவந்த டின் இருந்தது. ஈரத் தேங்காய்த் தும்பும் எருவும் மக்கி நாறியது. உள்ளே ஒரு வண்டு இன்னும் உயிரோடு கொம்பை ஆட்டியது. அதைக் கொண்டுவந்த அன்றைக்கு டின்னிலிருந்து தப்பிய ஒன்று ஜன்னல் கட்டையில் மல்லாந்து கிடந்தது. செத்து இருபது நாளாவது இருக்கும். மேற்கு வெயில் அதை அப்பளம் போலக் காயவைத்திருந்தது.

இரண்டையும் கழுவினாள். கழுவிய நீரைத் தனித்தனித் தட்டில் வைத்தாள்.

உயிரோடு இருந்த வண்டின் புழுக்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டு விழுங்கிக்கொண்டிருந்தன. செத்த வண்டின் புழுக்களில் நான்கு.

இருபது நாள் பிணத்தின்மேல் கிடந்தும் அவற்றுக்குச் செய்தி வரவில்லை. காய்ந்த உடம்பில் பாக்டீரியா இல்லை. உணவு இல்லை. வாய் திறக்கவில்லை.

ஞானராஜின் அம்மா, கட்டுப் போட்ட இரண்டாம் நாள், ஈரத் துண்டோடு வந்தது குளோரிக்கு நினைவு வந்தது. புள்ளைக்கு மேல் கசகசங்குது, ஒரு தடவை துடைத்து விடுகிறேன் என்றார். குளோரி துண்டை வாங்கி வாளியில் போட்டாள். தண்ணி படக் கூடாது அத்தை, எனக்குத் தெரியாதா என்றாள். அவள்தானே அந்த வேலை பார்க்கிறவள்.

மதியம் டாக்டர் சங்கரவடிவின் அறைக்குப் போனாள். டாக்டர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, சாப்பிடாமல், எதையோ படித்துக்கொண்டிருந்தார். குளோரி இரண்டு வண்டுகளையும் பற்றிச் சொன்னாள். பால் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"அதுக்குச் சாவு தெரியாது மேடம். சோறுதான் தெரியும். யார் மேல அழுக்கு இருக்கோ அவங்க கட்டுக்குள்ளயும் கிருமி இறங்குது, வாயத் திறக்குது. நாம நோயப் பாக்கல. யாருக்குத் தொடச்சுவிட ஆள் இருக்குன்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

டாக்டர் ஸ்பூனை எடுத்துத் தயிர்சாதத்தில் குத்தி வைத்தார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா வருது, குளோரி."

"அறுவதுக்கு மேலன்னா மருந்த நிறுத்துதோம். செத்துப் போறாங்க. பெறவு சரியாத்தானே வரும்."

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் குளோரிக்குப் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு."

"எப்பயிருந்து?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா."

ஞானராஜ் இறந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும். குளோரி கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. டாக்டருக்கும் தெரிந்தது. டிபன் பாக்ஸை மூடினார்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் குளோரி.

"சொல்லி? உனக்கு ஒரு படுக்கை கொடுத்திருப்பேன். அதுல இருந்த ஆள எங்க அனுப்ப? எட்டுத்தான். அன்னைக்கும் எட்டு, இன்னைக்கும் எட்டு. பதினஞ்சு வருஷம் நான்தான் பொறுக்கி எடுத்தேன். ராத்திரி தூங்குனது கிடையாது. புழு வந்த பெறவு தூங்குதேன்."

குளோரி நேராக வார்டுக்குப் போனாள். பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, கட்டை மூடிக்கொண்டு தினமும் இரண்டு வேளை துடைக்கவும் என்று எழுதினாள். ஆள் இல்லாத நோயாளிகளுக்கு அவளே வாளியும் துண்டுமாக இறங்கினாள். நர்ஸ்கள் முதலில் சிரித்தார்கள். லேப் மேடம் ஊழியத்துக்கு வந்துவிட்டார் என்றார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பத்து நாளில் அறுபதைத் தாண்டிய நம்பர் ஒன்றுகூட வரவில்லை.

அமைதிப் பிரிவு காலியானது. மின்விசிறிகள் வெறும் கட்டில்களுக்கு மேலே ஓடின. தீவிர சிகிச்சையின் வாசலில் ஸ்ட்ரெச்சர்கள் நின்றன. இருபத்திரண்டு, பதினேழு, இருபத்தெட்டு. எல்லாரும் தாளைக் கையில் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் படுக்கைக்கு உரிமை இருந்தது. பதினொன்று வாங்கிய ஒரு பிள்ளைத்தாய்ச்சி வராந்தாவிலேயே இறந்தாள். அவள் அண்ணன் தாளை டாக்டரின் முகத்துக்கு நேராக நீட்டினான். பதினொன்னு, பதினொன்னு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் இரண்டு ஜன்னல் உடைந்தது. புழு கெட்டுப்போச்சு என்று டீக்கடையில் பேசினார்கள்.

மாடக்கண்ணு தேறிவிட்டார். முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. இனி மரம் ஏற முடியாது. குளோரியைப் பார்த்தபோது, "பழகுன பய கைவிடல பாத்தியா" என்றார். அவள் ஆமாம் அண்ணாச்சி என்றாள். பொன்செல்வி துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு டாக்டர் சங்கரவடிவு ஆய்வகத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்து குளோரி பார்த்ததில்லை. மைக்ராஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மேசையில் ஒரு பட்டியலை வைத்தார். முப்பத்தொரு பெயர்.

"ஆறாம் படுக்கையும் ஏழும் இன்னைக்குக் காலி. ரெண்டு பேரச் சொல்லு."

"நானா மேடம்?"

"பதினஞ்சு வருஷம் நான். மூணு வருஷம் புழு. இப்ப அது வாயத் திறக்க மாட்டேங்குது." குரலில் கோபம் இல்லை. "எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ். அதுக்குள்ள கொடுத்துரு. மத்த இருவத்தொம்பது பேர அமைதிக்கு அனுப்பணும், வராந்தால இடம் இல்ல."

அவர் போன பிறகு குளோரி மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். தட்டில் இருந்த நூறு புழுக்களையும் தொட்டியில் கொட்டினாள். பட்டியலை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

பெயர், வயது, நோய், நம்பர், உடன் இருப்பவர். ஐந்து கட்டங்கள். நம்பர் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அவளே துடைத்த உடம்புகள் அவற்றில் பாதி. நோயை வைத்துப் பார்த்தாள். பிரிக்க முடியவில்லை. வயதை வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்தா, முப்பத்தெட்டா? வராந்தாவில் யாரோ பெருங்குரலில் பேசத் தொடங்கினார்கள். எந்தப் பெயரை அடித்தால் எந்த ஜன்னல் உடையும் என்று அவளால் பார்க்க முடிந்தது. அழப்போகிற முகங்களையும் பார்க்க முடிந்தது. சில பெயர்களுக்கு அப்படி எந்த முகமும் வரவில்லை.

ஏழே முக்காலுக்கு அவள் கண் கடைசிக் கட்டத்துக்குப் போயிற்று. மனைவி. மகன். மனைவி. தாய். அக்காள்.

பன்னிரண்டு இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அங்கிருந்து அடிக்கத் தொடங்குவது எளிதாக இருந்தது. குளோரி எச்சிலை விழுங்கினாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.